ஒரு தடவை குட்டி போடட்டும் என்று சொன்னவர்கள்

கண்ணு கார்த்திக்,

பேகம்பேட் ஏர்போர்ட்டை மூடிவிட்டு விமானங்கள் எல்லாம் ஷம்ஷாபாத்துக்குப் போன வருஷம் அது. அந்தக் கோடையில்தான் எங்கள் கேன்டீனில் பழைய அடுப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பெரிய ஸ்டீம் அடுப்பு வைத்தார்கள். நீ நாலாம் வகுப்பு முடித்து, அம்மை வார்த்துப் படுத்திருந்தாய். மழை ஆரம்பித்த சமயத்தில் ஹப்சிகுடா குவார்ட்டர்ஸில் நம் படிக்கட்டுக்குக் கீழே ஒரு நாய்க்குட்டி வந்து நனைந்துகொண்டு உட்கார்ந்தது. எனக்குத் தேதி சொல்லத் தெரியாது, எழுதி வைக்கவும் தெரியாது. ஆனால் எது நடந்தபோது எது நடந்தது என்று கேட்டால் கோர்வையாகச் சொல்வேன்.

எனக்கு எந்த எழுத்தும் தெரியாது, உனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இங்கே நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள், அங்கே உன் வீட்டுக்காரி நிவேதா படிக்க நீ கேட்கப்போகிறாய். நடுவில் இரண்டு பெண்கள் இருப்பதால் சங்கதி கொஞ்சம் கூடவோ குறையவோ வந்து சேரலாம், பொறுத்துக்கொள். தமிழ்ச் சங்கத்தில் ஆண்டு மலருக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார்கள், இதையே கொடுக்கச் சொல்லிவிட்டேன். நாய்க்குட்டி வளர்க்கிற மற்ற பிள்ளைகளும் படித்துக்கொள்ளட்டும்.

விஷயம் இதுதான். உன் நாய்க்குட்டி கோகோவின் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு டாக்டரம்மா குறித்துக் கொடுத்த நாளை நீ தள்ளிப் போட்டுவிட்டாய். ஏன் என்று போனில் கேட்டேன். "நைனா, ஏக் பார் பச்சே ஹோனே தோ. பாத் மே கரா தேங்கே" என்றாய். ஒரு தடவை குட்டி போடட்டும், அப்புறம் செய்துகொள்ளலாம். ஆபீசில் நாலு பேர் இப்போதே குட்டி கேட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாய். வருகிற வெள்ளிக்கிழமைக்கு டாக்டரம்மா மறுபடி ஒரு நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறாராம், நிவேதா சொன்னாள். அன்றைக்கு நீ கோகோவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். மிச்சத்தை எல்லாம் வழியில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

படிக்கட்டுக்கு வந்த அந்தக் குட்டிதான் நம் பொம்மி என்று உனக்குத் தெரியும். ஆனால் முதல் மாதம் அதை நாம் எப்படி வளர்த்தோம் என்பது உனக்கு ஞாபகம் இருக்காது. அந்தப் படிக்கட்டில் மூன்று வீடு. கீழே நாம், நமக்கு நேர் எதிரே நர்சிங் ராவும் அவர் வீட்டம்மாவும், மேலே ஆபீஸ் வண்டி ஓட்டிய ரஹீம் பாய். உன் அம்மா காலையில் பால் சோறு வைப்பாள். எதிர் வீட்டம்மா பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து வைப்பார். ரஹீம் பாய் எலும்பு கொண்டுவந்து போடுவார். நான் கேன்டீனில் மிஞ்சிய இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து டப்பாவில் கொண்டுவருவேன். பொம்மி ஒவ்வொரு கதவுக்கும் போய், பிறந்ததிலிருந்தே பட்டினி என்பது போல ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வைக்கு யார் கை சும்மா இருக்கும்? பத்து நாளில் வயிறு உப்பி, கால் நடுங்கி, எந்த வீட்டுக் கோலத்தையும் விட்டுவைக்காமல் வயிற்றுப்போக்கு.

"பாவம், காலைலேந்து ஒண்ணும் துன்னல அது" என்றாள் உன் அம்மா, தட்டும் கையுமாக.

மேல் படியிலிருந்து ரஹீம் பாய் குனிந்து பார்த்தார். "க்யா பாத் கர்ரே பாபி? அப்பிச் தோ நல்லி காகே கயி!" இப்போதுதானே நல்லி எலும்பு தின்றுவிட்டுப் போனது என்று.

"அய்யோ, நேனு பப்பன்னம் பெட்டின!" என்று தான் வைத்த பருப்புச் சோற்றைச் சொல்லி எதிர் வீட்டம்மா வாயில் கை வைத்துக்கொண்டார்.

நான் சாம்பார் டப்பாவைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது அங்கே இருந்த டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாய் வளர்க்கிறீர்களா, கேன்டீன் நடத்துகிறீர்களா என்றார். கேன்டீனில்தான் சார் வேலை என்றேன். சிரித்துவிட்டு வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். மாட்டுப்பால் முதலில் நிற்க வேண்டும், அது குட்டி வயிற்றுக்கு ஆகாது என்றார். சாம்பார் வேண்டாம், அதில் இருக்கிற வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம். வேக வைத்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். ஒரு வீடு, ஒரு தட்டு, ஒரு நேரம் என்றார். ஊருக்கே சமைத்துப் போட்ட எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, நிறையப் போடுவது வேறு, வளர்ப்பது வேறு என்று.

அதனால் சொல்கிறேன். கோகோ சின்னக் குட்டியாக இருந்தபோது நாலு வேளை கொடுத்தீர்கள், அது சரி. இப்போது ஆறு மாதம் ஆகிறது, இரண்டு வேளைக்குக் கொண்டுவரலாம். வைத்த தட்டில் மிச்சம் வைத்தால் எடுத்துவிடு, நாள் பூரா தரையில் கிடக்க வேண்டாம். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். கடையில் வாங்குகிற தீனி போதும். வீட்டில் செய்து கொடுக்க ஆசையாக இருந்தால் கோழியை உப்பு, காரம், மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டுச் சோற்றோடு கொடு. திராட்சை வேண்டாம். கோகோ என்று பேர் வைத்த கையால் சாக்லேட்டைக் கொடுத்துவிடாதே, அதுவும் விஷம். சம்பந்தி அம்மா கோயமுத்தூரிலிருந்து அனுப்புகிற முறுக்கைச் சோபாவில் உட்கார்ந்து நீ தின்னும்போது அது கீழே உட்கார்ந்து உன் முகத்தையே பார்க்கும். பார்க்கட்டும். பார்ப்பதால் ஒன்றும் மெலிந்துவிடாது.

தீனி சரியானது. பேச்சு சரியாகவில்லை. பொம்மி பெரிய குட்டியானதும் ஒரு நாள் சாயங்காலம் குவார்ட்டர்ஸ் ரோட்டுக்கு நடுவில் போய் நின்றுகொண்டது. தண்ணீர் டேங்கர் ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. உன் அம்மா "வா, வா" என்று கத்தினாள். எதிர் வீட்டம்மா "ரா, பொம்மீ, ரா" என்றார். ரஹீம் பாய் மேலேயிருந்து "ஆஜா!" என்றார். நீ பள்ளிக்கூடத்தில் கற்றபடி "கம், கம்!" என்றாய். பொம்மி நாலு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. நல்ல வேளையாக டேங்கர்காரன் நாங்கள் போட்ட கூச்சலைக் கேட்டு நிறுத்தினான். இறங்கி வந்து, குட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்து, அவனுக்குத் தெரிந்த பாஷையில் என்னைத் திட்டினான். அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

அன்றைக்கு மூன்று வீடும் படிக்கட்டில் கூடி உட்கார்ந்தோம். "ஏக் ஜான்வர்கு சார் ஜபான் நக்கோ, பாய்" என்று ரஹீம் பாய் ஆரம்பித்தார். ஒரு ஜீவனுக்கு நாலு பாஷை வேண்டாம் என்பது எல்லோருக்கும் சம்மதம். எந்தப் பாஷை என்பதில்தான் சண்டை. இது தெலுங்கு மண், இங்கே பிறந்த நாய் தெலுங்குதான் என்றார் நர்சிங் ராவ். அதன் தாய் தார்நாகா கறிக்கடை வாசலில் கிடந்தது, எனக்குத் தெரியும், அதனால் அது எங்கள் ஆள் என்றார் ரஹீம் பாய். எதிர் வீட்டம்மாதான் முடித்துவைத்தார். ராத்திரி யார் வாசலில் படுக்கிறதோ அந்த வீட்டுப் பாஷை. பொம்மி படுத்தது நம் வாசலில். ஆக, தமிழ். வா, உட்காரு, இரு, வேண்டாம். நாலே சொல். ரஹீம் பாய் "உட்கார்!" என்று பட்டாளத்தில் சொல்வது போலச் சொல்வார். நர்சிங் ராவ் "வேண்டாம்" சொன்னால் கேட்கிற நமக்கே பாவமாக இருக்கும், அவ்வளவு மெதுவாகச் சொல்வார். ஆனாலும் மூன்று மாதத்தில் பொம்மி யார் கூப்பிட்டாலும் வந்தது.

இன்னொன்றும் நடந்தது. நாங்கள் எது கேட்டாலும் "கைக்கு?" என்று பதில் சொல்கிற நீ, ஏன் எதற்கு என்பதைக்கூடத் தமிழில் கேட்காத நீ, பொம்மியிடம் மட்டும் தமிழ் பேசினாய். அந்த நாலு சொல்தான் உன் தமிழ். அதன் பலனைக் கல்யாண மண்டபத்தில் பார்த்தோமே. உன் மாமனார் மரியாதையாக எழுந்து உனக்கு நாற்காலி கொடுக்க வந்தார். நீ ஆசையோடு அவர் தோளில் கை வைத்து, "உட்காரு" என்றாய். அவரும் உட்கார்ந்துவிட்டார். போட்டோக்காரன் கூப்பிட்டதும் அவர் எழப் பார்த்தார், நீ விரலைக் காட்டி "இரு" என்றாய். உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நிவேதா மணவறையிலேயே சத்தமாகச் சிரித்தாள் பார், அப்போதுதான் இந்தப் பெண் நம் வீட்டுக்குச் சரியாக வருவாள் என்று எனக்குத் தெம்பு வந்தது.

உங்கள் வீட்டில் இப்போது அதே கூத்து நடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை உப்பலுக்கு வந்தபோது பார்த்தேன். நீ "சிட்" என்கிறாய், நிவேதா "உக்காரு தங்கம்" என்கிறாள், வேலைக்கு வருகிற அம்மா "கூர்ச்சோ" என்கிறார். கோகோ மூன்று பேரையும் பார்த்துவிட்டுச் செருப்பைக் கடிக்கப் போகிறது. ஒரு பாஷையை வைத்துக்கொள்ளுங்கள். எது என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே எழுதுகிறவள் "தமிழ்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள், அது அவள் கருத்து. ஒரு சொல்லை ஒரு தடவை சொல்லு, அது கேட்டதும் உடனே ஒரு துண்டு தீனி கொடு. கொஞ்ச நேரம் கழித்துக் கொடுத்தால் எதற்குக் கொடுத்தாய் என்று அதற்குத் தெரியாது. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் கீழே கூட்டிக்கொண்டு போ, வீட்டுக்குள் மூத்திரம் போவது தானாக நிற்கும். உள்ளே போய்விட்டால் துடைத்துவிடு, அதன் மூக்கைப் பிடித்துத் தேய்க்காதே, அடிக்காதே. கையைக் கடித்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடு. ஆள் போய்விட்டால் விளையாட்டு இல்லை என்பது அதற்குச் சீக்கிரம் புரியும்.

இப்போது ஆபரேஷனுக்கு வருகிறேன். பொம்மிக்கு ஆறேழு மாதம் ஆனபோது தடுப்பூசிக்குப் போன இடத்தில் அதே டாக்டர், குடும்பக் கட்டுப்பாடு செய்துவிடுங்கள், இதுதான் வயது என்றார். மறுபடி படிக்கட்டில் கூட்டம். "ஏக் பார், பாய். மா பன்னே தோ பிச்சாரிகு" என்றார் ரஹீம் பாய். ஒரு தடவை தாயாகட்டும், பாவம். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. உன் அம்மாவும் அதையே சொன்னாள். (எழுதுகிறாள், மறுக்கவில்லை.) நர்சிங் ராவ் தனக்கு ஒரு குட்டி என்று முதலில் கை தூக்கினார். ஆபீசில் ஆறு பேர், கேன்டீனில் மூன்று பேர், பால்காரன், எல்லோரும் எனக்கு ஒன்று எனக்கு ஒன்று என்றார்கள். எதிர் வீட்டம்மா மட்டும் வெங்காயத்தாள் ஆய்ந்துகொண்டே, "கேட்கிற வாய் வேற, வளக்கிற கை வேற. இப்பவே செஞ்சிருங்க அன்னா" என்று தெலுங்கில் சொன்னார். அவர் மாமியார் வீட்டில் வளர்ந்த நாய் வருஷத்துக்கு இரண்டு தடவை குட்டி போட, போட்டதை எல்லாம் வீட்டு ஆட்கள் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போனதை அவர் பார்த்தவர். நாங்கள் கேட்கவில்லை. மூன்று வீட்டில் அவருடையது ஒரே ஓட்டு.

பொம்மி ஆறு குட்டி போட்டது. குளிர்காலம். நீ பள்ளிக்கூடத்துக்கே போகமாட்டேன் என்று அழுதாய், அவ்வளவு அழகு. கண் திறந்தது, நடந்தது, தட்டில் வாய் வைத்தது. ஆபீசுக்குப் போய் ஒவ்வொருவரிடமும் சொன்னேன், குட்டி தயார், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று. ஒருவர் வீட்டில் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவர் ஆண் குட்டி என்றால் மட்டும் வேண்டும் என்றார். ஒருவர் கலர் சரியில்லை என்றார். பால்காரன் பால் ஊற்றுகிற நேரத்தையே மாற்றிக்கொண்டான். எடுத்துக்கொள்கிறவர்கள் ஊசி போடுவார்கள் என்று நாங்கள் இருந்துவிட்டோம், எடுத்துக்கொள்ள யாரும் வரவில்லை. இரண்டு குட்டிக்கு வாந்தியும் ரத்தபேதியும் கண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. ஒன்று பெரிய ரோட்டில் அடிபட்டது. ஒன்றைக் கேன்டீனுக்குக் காய் கொண்டுவருகிறவன் வாங்கிக்கொண்டு போய், பத்து நாளில் ரிங் ரோட்டுப் பக்கம் இறக்கிவிட்டுவிட்டதாகச் சொன்னான். ரஹீம் பாயும் நானும் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரு பகல் முழுக்கத் தேடினோம். ரஹீம் பாய் ஜன்னல் வழியாக "வா, வா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். கிடைக்கவில்லை. உன்னிடம் அது நல்ல வீட்டுக்குப் போயிருக்கிறது என்று சொன்னோம். ஐந்தாவது குட்டி ரஹீம் பாயின் மச்சான் வீட்டில் நன்றாக வாழ்ந்தது.

ஆறாவது, அந்தக் கறுப்பு ஆண் குட்டி, எதிர் வீட்டில். வேண்டாம் என்று சொன்ன அம்மாதான் கடைசியில் ஒன்றை மடியில் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டவர், வயது வந்ததும் அதற்கு ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்று நின்றார். நர்சிங் ராவ் படியில் உட்கார்ந்திருந்தவர் காலை இடுக்கிக்கொண்டு, "மொகோனிகி கட்ல சேஸ்தரா?" என்றார். ஆம்பளைக்கு இப்படிச் செய்வார்களா என்று. "உங்களுக்கு இல்ல, அதுக்கு" என்றார் அந்த அம்மா. ரஹீம் பாய் சிரித்த சிரிப்பில் மேலே காயப்போட்டிருந்த வடாம் தட்டு கீழே வந்து விழுந்தது. ஆபரேஷன் முடிந்து அன்று சாயங்காலமே அந்தக் குட்டி நடந்து வந்தது. அதன் பிறகு பெண் நாய் பின்னால் தெருத் தெருவாக ஓடவில்லை, சண்டையில் காது கிழித்துக்கொள்ளவில்லை. கிழடாகி, தூக்கத்தில் போனது.

பொம்மிக்கு? ஒரு தடவைக்கு அப்புறம் செய்துவிடலாம் என்றுதானே சொன்னோம். குட்டிகளோடு பட்ட பாட்டில் அந்த வருஷம் போனது. பிறகு உன் பரீட்சை, என் ரிட்டயர்மென்ட், குவார்ட்டர்ஸைக் காலி செய்தது. பருவம் வரும்போதெல்லாம் கதவைப் பூட்டி வைத்துச் சமாளித்தோம். ஹப்சிகுடாவில் தலைக்கு மேலே மெட்ரோ ஓட ஆரம்பித்த சமயம் அது தண்ணீராகக் குடித்தது, சாப்பாட்டைத் தொடவில்லை. கர்ப்பப்பையில் சீழ். அந்த வயதில் கத்தி வைத்தும் காப்பாற்ற முடியவில்லை. நீ அப்போது பெங்களூரில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாய். வயசாகிப் போய்விட்டது என்று உன்னிடம் சொன்னோம். வயசு ஒரு காரணம்தான். குட்டியாக இருக்கும்போதே கர்ப்பப்பையை எடுத்திருந்தால் அந்த நோய்க்கு அங்கே இடமே இருந்திருக்காது.

தாயாகாவிட்டால் அது ஏங்கும் என்கிறாய். நாய்க்கு அந்தக் கணக்கு கிடையாது கண்ணு, அது நம்முடைய ஏக்கம். குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம், நிவேதா டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டாள், அப்படி எதுவும் இல்லையாம். முதல் பருவம் வருவதற்கு முன்னால் செய்தால் பின்னால் மார்பில் கட்டி வருவதும் குறைவாம். ஆபீசில் கேட்ட நாலு பேருக்கும் குட்டி வேண்டும் என்றால் உங்கள் அபார்ட்மென்ட் கேட்டுக்கு வெளியே ஏற்கெனவே பிறந்தது கிடக்கிறது, எடுத்துக்கொள்ளச் சொல். எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று பார்ப்போம்.

வியாழக்கிழமை ராத்திரிக்கு அப்புறம் தீனி வேண்டாம். டாக்டரம்மா சொன்ன நேரத்தோடு நிறுத்திவிடு, அது எந்தப் பார்வை பார்த்தாலும் சரி. வெள்ளிக்கிழமை காலையில் நான் மெட்ரோ பிடித்து உப்பலுக்கு வந்துவிடுகிறேன். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் புனல் மாதிரி ஒன்று மாட்டுவார்கள், பாவம் என்று நீ கழற்றிவிடுவாய், அதனால் தையல் பிரிக்கிற வரை நான் அங்கேயே இருக்கிறேன். சோபாவில் ஏறிக் குதிக்காமல் பார்த்துக்கொள்கிறேன், கோழி வேகவைத்துக் கொடுக்கிறேன். ஆபரேஷனுக்கு அப்புறம் உடம்பு பெருக்கும், தீனியைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், அந்த அளவும் நானே சொல்லிவிட்டு வருகிறேன். நீ கூட்டிக்கொண்டு போனால் மட்டும் போதும்.

தையல் பிரித்த பிறகு ஒரு வேலை இருக்கிறது. அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தவர்களில் நர்சிங் ராவ் முதலில் போனார், மெட்ரோ தூண் நட்ட வருஷம். ரஹீம் பாய் கொரோனாவில் போனார். நம் வீட்டை விட்டால் எதிர் வீட்டம்மா ஒருத்தர்தான் மிச்சம். நாகோலில் மகள் வீட்டில் இருக்கிறார், உன் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். போன மாதம் பார்த்துவிட்டு வந்தேன். முகங்கள் மறந்துகொண்டு வருகின்றன, மகளையே சில நேரம் அக்கா என்கிறார். கதவைத் திறந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "வா. உட்காரு" என்றார், தமிழில். உட்கார்ந்தேன். உன் கல்யாணத்தைச் சொன்னேன், தலையாட்டினார். கார்த்திக் வீட்டில் ஒரு பெண் நாய்க்குட்டி இருக்கிறது என்றேன். அதற்கு மட்டும் நிமிர்ந்தார்.

"ஆபரேஷன் அயிந்தா?" என்றார்.

ஆயிற்றா என்று கேட்கிறார். வருகிற வாரம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாரத்தைத்தான் நீ தள்ளிப் போட்டாய். புது நாளில் செய்துவிட்டு, கோகோவை நீயே கூட்டிக்கொண்டு போய் அவரிடம் காட்டு, ஆயிற்று என்று உன் வாயால் சொல்லு. அந்த அபார்ட்மென்டில் வாட்ச்மேன் பேர் கேட்காமல் மேலே விட மாட்டான். நீ எப்போதும் ஆன்ட்டி, ஆன்ட்டி என்றே கூப்பிட்டவன், உனக்குத் தெரிந்திருக்காது. அவர் பெயர் சத்தெம்மா.